மகாராணி டீச்சரின் பேட்டரி

கிளாவரை சமுதாயக் கூடத்தில் மகாராணி பாடம் நடத்துகிற லேப்டாப், பெண்கள் பாடத்தில் ஒன்றி உட்காரும் நேரம் பார்த்துத்தான் உயிரை விடும். திரையின் ஓரத்தில் பெயருக்கு ஒரு மஞ்சள் முக்கோணம் தோன்றும். அதைப் பார்த்து அவள் பதறி முடிப்பதற்குள் எல்லாம் கருப்பாகிவிடும். பூண்டுக் காட்டில் களை எடுத்துவிட்டு, கைகால் கழுவி, போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்த பெண்கள் அந்த இருண்ட திரையையே பார்ப்பார்கள். பிறகு பொன்னுத்தாய்தான் வாயைத் திறப்பாள்.

"கரண்டு போச்சா டீச்சரு?"

"கரண்டு இல்லக்கா, பேட்டரி."

"ரெண்டும் ஒண்ணுதான? சரி, நாங்க போயி சோலியப் பாக்கோம்."

போய்விடுவார்கள். நல்ல பெண்கள்தான், ஒரு கடுஞ்சொல் கிடையாது. அதுதான் மகாராணிக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும். நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போனால் திருப்பிச் சண்டையாவது போடலாம்.

இது இரண்டாயிரத்து ஒன்பதாம் வருடத்துக் கதை. கீழே பெரிய ஊர்களிலேயே மின்வெட்டு தாண்டவமாடிய காலம். கேரள எல்லையை ஒட்டிக் கிடக்கும் கிளாவரையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சமுதாயக் கூடத்தில் சுவிட்ச் உண்டு, பல்பு மாட்டும் இடம் உண்டு, சுவருக்குள் வயரும் உண்டு. மின்சாரம் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. ஆகவே கொடைக்கானலில் இரவெல்லாம் சார்ஜ் ஏற்றி, பூம்பாறை, மன்னவனூர், போளூர் என்று மலை மலையாகக் கடந்து கொண்டுபோகிற பேட்டரியில்தான் பாடம் ஓடியாக வேண்டும்.

மகாராணியின் அப்பா நல்லையா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்து சேர்ந்தவர். கொடைக்கானல் நாயுடுபுரத்துப் பக்கம் அவர்களைப் போல வந்தவர்கள் நிறையப் பேர். எல்லோருக்கும் கூலி வேலைதான். மகாராணி பன்னிரண்டாவது தேறியும் கேரட் கழுவப் போனாள், உருளைக்கிழங்கு தரம் பிரிக்கப் போனாள், விடுதிகளில் போர்வை துவைக்கப் போனாள். பனிக்காலத்தில் கேரட் கழுவும் தண்ணீரில் கையை விட்டவர்களுக்குத் தெரியும், அது தண்ணீர் அல்ல, தண்டனை. முப்பத்து நாலு வயதில்தான், எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்குக் கம்ப்யூட்டர் மூலம் சொல்லித்தருகிற ஒரு தொண்டு நிறுவனம் அவளைச் சேர்த்துக்கொண்டது. திரையில் எழுத்து தானாகவே தன்னை எழுதிக்காட்டும், ஒரு குரல் கூடவே சொல்லும். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்து எழுத வைக்க வேண்டும். முதல் நாள், பாடத்துக்கு வந்த இருளாயி அவளை ‘டீச்சர்’ என்று கூப்பிட்டபோது, யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று மகாராணி திரும்பிப் பார்த்தாள். அந்த ஒரு சொல்லுக்காக எத்தனை மலை வேண்டுமானாலும் ஏறுவாள். மறுபடியும் கேரட் தொட்டிக்குப் போவதை நினைத்தாலே அவளுக்கு விரல் நுனி மரத்துவிடும்.

லேப்டாப்பை ஆசிரியைகளே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. கொடைக்கானலில் ஏழு ரோட்டுப் பக்கம் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் வேலப்பன் கடையில் ஒன்று கிடைத்தது. விடுதியில் தங்கிப் படித்த பணக்காரப் பையன் ஒருவன் விளையாட்டுக்கென்றே வாங்கி, வெளிநாடு போகும்போது விற்றுவிட்டுப் போனது. செங்கல் கனம். மூடியில் ஒரு மண்டையோடு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அதன் மேல் மகாராணி வேளாங்கண்ணி மாதா படத்தை ஒட்டினாள். திறந்தால் எழுத்துக் கட்டைகளுக்கு அடியில் சிவப்பு விளக்கு எரியும். கிளாவரைப் பெண்களுக்கு அந்தச் சிவப்பு விளக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அதன் இடது பக்க ஓரத்தில் நகம் அளவுக்கு ஒரு சுவிட்ச் இருந்தது. வேலப்பன் அதைக் காட்டி விளக்கினான்.

"அக்கா, இதுல படம் காட்டுறதுக்குன்னே ரெண்டு கார்டு இருக்கு. ஒண்ணு பெரிசு, கேம் ஆடுறதுக்கு. இன்னொண்ணு சின்னது, சாதா வேலைக்கு. பெரிசப் போட்டீங்கன்னா பேட்டரியக் கடகடன்னு குடிச்சிரும். உங்க பாடத்துக்குச் சின்னதே போதும். எப்பவும் இந்தப் பக்கமே தள்ளி வைங்க, ரெண்டரை மணி நேரம் ஓடும். மாத்தணும்னா மட்டும் ரீஸ்டார்ட் பண்ணணும்."

ரீஸ்டார்ட் என்று வாயால் சொல்வது எளிது. அந்த எந்திரம் ஒருமுறை படுத்து எழுந்து முகம் கழுவி உட்காருவதற்குள் ஒரு உலை சோறு வடித்து இறக்கிவிடலாம்.

கடையில் வேலப்பன் சொன்னது போலவே ஓடியது. வீட்டிலும் ஒரு நாள் சோதித்துப் பார்த்தாள், குறைவில்லாமல் ஓடியது. கிளாவரைக்குப் போனால் மட்டும் பாதியில் படுத்தது. போதாததற்கு, அங்கே போய்ப் பையைத் திறந்தால் அந்தச் சுவிட்ச் அனேகமாகப் பெரிய கார்டுப் பக்கம் தள்ளிக் கிடக்கும். அவள் தலையில் அடித்துக்கொண்டு, திரும்பச் சின்னதின் பக்கம் தள்ளி, ரீஸ்டார்ட் போட்டுக் காத்திருப்பாள். பெண்கள் கொட்டாவி விடுவார்கள். எழுந்து வந்ததும் பார்த்தால் சார்ஜ் பாதிதான் இருக்கும்.

பைதான் உரசுகிறது என்று முதலில் நினைத்தாள். மலைப்பாதையில் ஜீப் குலுங்குகிற குலுக்கலுக்கு ஆளுக்கே எலும்பு இடம் மாறுகிறது, சுவிட்ச் மாறாதா? பழைய சால்வையைக் கிழித்து உள்ளே மெத்தை போலத் தைத்தாள். சுவிட்ச் மாறியது. அதன் மேல் மருந்துக்கடை பிளாஸ்திரியை ஒட்டினாள். அடுத்த நாள் பிளாஸ்திரி உரிந்து கிடந்தது. மூடுபனியின் ஈரத்தில் பசை பிடிக்கவில்லை என்று ஒன்றுக்கு இரண்டாக ஒட்டினாள். இரண்டும் உரிந்தன. பிறகு வேலப்பன் கடைக்குப் போய்த் தெருவே திரும்பிப் பார்க்கும்படி சண்டை போட்டாள். செத்த பேட்டரியை என் தலையில் கட்டிவிட்டாய் என்றாள். அவன் பாவம், அவள் கண் முன்னாலேயே ஓட்டிக்காட்டினான். அங்கே அது சமர்த்தாக ஓடித் தொலைத்தது. குளிரில் பேட்டரி கொஞ்சம் இறங்கும் அக்கா என்றான். கொஞ்சமா? பாதிக்குப் பாதியா? அவனுக்கும் பதில் தெரியவில்லை.

இத்தனை ரகளையிலும் வாயைத் திறக்காத ஒரே ஆள் அவள் கணவன் அருள்தாஸ்.

அருள்தாஸ் ஜீப் டிரைவர். அவளைப் பாடத்துக்கு ஏற்றிப் போவதும், திரும்பும்போது பூண்டு மூட்டையோ உருளைக்கிழங்கோ ஏற்றி வருவதும் அவன்தான். பேச்சு குறைவு. ஆனால் எஞ்சின் விஷயத்தில் இந்த மேல்மலை ஊர்கள் முழுக்க அவன் வைத்ததுதான் சட்டம். பனி உறைகிற மார்கழி விடியலிலும் அவன் ஜீப் மட்டும் மக்கர் பண்ணாது. மற்றவர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது அவன் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போவான். கேட்டால் ஒரே பதில்தான் சொல்வான். "வெள்ளனே எந்திரிச்சு அரை மணி நேரம் சூடு பண்ணணும்ல. பச்சையா எடுத்தா மலை ஏறுமா?"

மகாராணி மதிய சோறு கட்டுகிற நேரத்தில் அவன் வண்டியைக் கிளப்பி உறும விட்டுவிட்டு, அவள் பையையும் எடுத்துப்போய் முன் சீட்டில் வைப்பான். அந்த உதவிக்குக்கூட அவள் நன்றி சொன்னதில்லை. "பைய மெதுவா வைங்க, ஆட்டாதீங்க, அதுல கைய வைக்காதீங்க" என்பதுதான் அன்றாடம் அவனுக்குக் கிடைக்கும் அர்ச்சனை.

அந்த மார்கழியில் நிறுவனத்தின் மேற்பார்வையாளர் சண்முகசுந்தரி மேடம் போன் பண்ணினார்.

"மகாராணி, மூணு மாசமா உங்க கிளாஸ் பாதியில நிக்குதுன்னு ரிப்போர்ட் வருது. வியாழக்கிழமை நானே வர்றேன். ரெண்டு மணி நேரம் முழுசா ஓடணும். மெஷின் சரியில்லைன்னு ஆயிட்டா சென்டர மூடுறதத் தவிர வேற வழி இல்லம்மா. வேற மெஷின் குடுக்க நம்மகிட்ட வசதி கெடையாது."

அன்று முதல் மகாராணிக்குச் சோறு இறங்கவில்லை. புதன்கிழமை இரவு சார்ஜர் குத்தியிருக்கிறதா என்று படுத்த பிறகும் எழுந்து எழுந்து போய்ப் பார்த்தாள். விடியலில் நூறு என்று காட்டியது. சுவிட்சைச் சின்ன கார்டுப் பக்கம் தள்ளி, புதுப் பிளாஸ்திரி ஒட்டி, பையில் போட்டு மூடினாள். மாதாவை வேண்டிக்கொண்டாள். அருள்தாஸ் வழக்கம்போலப் பையை எடுத்துக்கொண்டு போனான்.

சோற்று வாளியை மூடும்போதுதான் எழுத்துப் பயிற்சி அட்டைகளைப் பையில் வைக்க மறந்தது நினைவுக்கு வந்தது. அவற்றை எடுத்துக்கொண்டு பனிக்குள் இறங்கி ஜீப்பை நோக்கி நடந்தாள். எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. முன் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து, உள்ளே நீலமும் சிவப்புமாக ஏதோ மின்னியது. எஞ்சின் சத்தத்துக்கு ஊடே இன்னொரு வண்டிச் சத்தமும் கேட்டது, யாரோ பந்தயக் கார் ஓட்டுவது போல.

கதவைத் திறந்தாள். முன் சீட்டில் லேப்டாப் திறந்து கிடந்தது. கழுத்துவரை கம்பளி போர்த்தியிருந்தது. திரையில் ஒரு மஞ்சள் கார் ஓட்டுவதற்கு ஆள் இல்லாமல் சுவரில் மோதி மோதி நின்றது. அருள்தாஸ் நோயாளிக்கு நெற்றி பார்ப்பதைப் போல அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பிளாஸ்திரி பத்திரமாக ஸ்டியரிங்கில் ஒட்டப்பட்டிருந்தது.

"என்ன பண்றீங்க?"

"ஒண்ணும் இல்ல. இப்பத்தான் சூடு புடிக்குது."

மகாராணிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அட்டைகளைச் சீட்டில் போட்டாள்.

"தெனமுமா?"

"பின்ன? வண்டிக்கு வேற, இதுக்கு வேறயா? ராத்திரியெல்லாம் சில்லுனு கெடக்குல்ல. வேலப்பன் தம்பிதான் வாங்குன அன்னைக்கு எங்கிட்ட சொன்னான், இந்தப் பக்கம் தள்ளுனா நல்லா சூடேறும், அந்தப் பக்கம்னா குளுந்து கெடக்கும்னு. வெறுமன போட்டா சூடேற மாட்டேங்குது. இந்தக் காரை அமுக்கி விட்டா சும்மா கும்முனு ஏறுது. நீ அங்க போயி பச்சையாப் போட்டு, அது மக்கர் பண்ணிரக்கூடாதுன்னுதான்."

வீட்டுக்குள்ளேயே திருடனை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடியிருக்கிறாள்! வேலப்பனைத் தெருவில் வைத்துக் கிழித்தாளே, அது? சால்வையைக் கிழித்தாளே, அது? மடியில் வைத்த பை சில நாள் கதகதப்பாக இருந்ததே, எஞ்சின் சூடு என்று நினைத்து அதைக் கட்டிக்கொண்டு வேறு உட்கார்ந்திருந்தாளே! அட மனுஷா, அரை மணி நேரம்! ஒவ்வொரு பாட நாளும்!

"நிறுத்துங்க! ஐயோ, சுருக்கா நிறுத்துங்க!"

மூலையில் ஐம்பத்து மூன்று என்று காட்டியது. வீட்டுக்குள் ஓடிப்போய் மறுபடி சார்ஜ் போடலாம் என்று திரும்பினாள். வாசல் விளக்கு அந்த நேரம் பார்த்து அணைந்தது. மின்வெட்டு ஆரம்பம். அணைத்து மூடிய லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் பனியில் நின்ற நிலையைப் பார்த்தால் கல்லுக்கும் இரக்கம் வரும். அருள்தாஸ் மட்டும் இன்னும் என்ன தப்பு என்று தெரியாமல் முழித்தான்.

"மேடம் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறாங்க. ஏறுங்க. வாயத் தெறக்காதீங்க."

சண்முகசுந்தரி மேடம் முன் சீட்டில் உட்கார்ந்து கொண்டதால் வழியில் சண்டையும் போட முடியவில்லை. மகாராணி பின்னாலிருந்து சாடையாகப் பேசினாள். பூம்பாறை தாண்டும்போது, "சில பேருக்கு எல்லாம் தெரியும்ங்கிற நெனப்பு மேடம்" என்றாள். அருள்தாஸ் கியரை மாற்றினான். மன்னவனூரில், "கேக்காம ஒண்ண செஞ்சுட்டு மூணு மாசம் கம்முனு இருக்கிறவங்கள என்ன சொல்ல?" என்றாள். மேடம் நாட்டு நடப்பைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று எண்ணி, "உண்மைதான், அரசாங்கமே அப்படித்தான் இருக்கு" என்றார். போளூருக்கு வரும்போது அருள்தாஸுக்கு விஷயம் ஒருவாறு உறைத்துவிட்டது. பேட்டரிக்குள் இருப்பது டாங்கியில் இருக்கும் டீசல் மாதிரி, சூடு பண்ணினால் கரைந்து போகும் என்பது அவனுக்கு எட்டிய இடம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். அதற்கப்புறம் அவன் காது நுனிவரை சிவந்து போயிருந்தது.

கூடத்தில் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். மேடம் வருகிறார் என்று பொன்னுத்தாய் பூ வைத்திருந்தாள். வாசலில் ஊர் ஆண்களும் கூடிவிட்டார்கள். மகாராணி சின்ன கார்டுக்கு மாற்றி, எந்திரத்தை எழுப்பி, திரை வெளிச்சத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்தாள். பெண்கள் போர்வையோடு போர்வையாக நெருங்கி உட்கார்ந்து, மங்கலான எழுத்தைக் கண்ணை இடுக்கிப் பார்த்தார்கள். அன்று பாடம் நன்றாகவே நடந்தது. இருளாயி ‘மலை’ என்று தானாகவே எழுதிவிட்டு, யாரோ அடிக்கப் போகிற மாதிரி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். மேடம் சிரித்தபடி அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார். மகாராணிக்கு மட்டும் ஒரு கண் எழுத்தின் மேல், மறு கண் மூலையில் இறங்கிக்கொண்டிருந்த எண்ணின் மேல்.

ஒரு மணி நேரம் தாண்டியது. ஓடிவிடும் போலிருந்தது. மஞ்சள் முக்கோணம் வந்தது. ‘பூண்டு’ என்று எழுத ஆரம்பித்த திரை, ‘பூ’ வரைக்கும் எழுதிவிட்டுச் செத்தது. சிவப்பு விளக்கும் போயிற்று.

சண்முகசுந்தரி மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மகாராணி, நீங்க நல்லா சொல்லிக் குடுக்கறீங்க, அதுல குறை இல்ல. ஆனா இது என்னம்மா? ஃபுல் சார்ஜ் போட்டும் இவ்வளவுதான் நிக்குதா? மெஷின்தான் பழுதா?"

மகாராணி வாசலைப் பார்த்தாள். அருள்தாஸ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். அவனைச் சுற்றி ஊர் ஆண்கள், அவர்களில் பாதிப் பேர் தங்கள் வண்டிக்கு என்ன நோய் என்று அவனிடம் கேட்டு நடப்பவர்கள். காலையிலிருந்து அவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்று அவளுக்குக் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. இப்போது ஒரு வாக்கியம் போதும், பழி தீர்ந்துவிடும், சென்டரும் பிழைத்துவிடும். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் அந்த மனிதனை இத்தனை பேர் முன்னால் எஞ்சின் விஷயத்தில் முட்டாளாக்க அவளுக்கு மனம் வரவில்லை. அப்படி மனம் வராததற்காகவும் அவன் மேல்தான் கோபம் வந்தது.

"பழைய பேட்டரி மேடம்" என்றாள். "மெஷின்தான் சரியில்ல."

மேடம் பெருமூச்சு விட்டார். "அப்ப மூடத்தான் வேணும்மா. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

பொன்னுத்தாய், "மூடப் போறீகளா? நாங்க இன்னும் முழுசா ஒரு பேரு எழுதலியே" என்றாள்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு மேடம்" என்றது வாசல் குரல்.

எல்லோரும் திரும்பினார்கள். அருள்தாஸ் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். பெண்கள் வகுப்புக்குள் அவன் காலடி வைத்தது அதுதான் முதல் தடவை.

"தப்பு நான் பண்ணது. வெடியக்காலத்துல அவளுக்குத் தெரியாம எடுத்து, கம்பளியப் போத்தி, கார் விளையாட்ட ஓட விட்டு சூடு பண்ணேன். தெனமும் அரை மணி நேரம். வண்டிய சூடு பண்ணுவோம்ல, அந்த மாதிரி. அதுல பாதி சார்ஜு போயிருது. எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். அவளுக்கும் இன்னைக்குத்தான் தெரியும். அவ மேல தப்பு இல்ல, மெஷின் மேலயும் தப்பு இல்ல."

இருளாயி கேட்டாள், "ஏப்பா, சூடேத்தி அதுல சோறா வடிக்கப் போற?"

கூடம் வெடித்தது. பெண்கள் போர்வையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தார்கள். வாசலில் ஒருவன், "ஆயில் மாத்துனியா அருளு, அதையும் சொல்லிரு" என்றான். மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். அருள்தாஸ் நடுவில் நின்றான், கைகளை என்ன செய்வதென்று தெரியாமல். சிரிக்காதவள் மகாராணி ஒருத்திதான்.

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னும் ஒரு மாதம் தவணை, அன்று மறுபடி வருவேன், ரெண்டு மணி நேரம் ஓட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பொன்னுத்தாய் வீட்டுக்குக் காப்பி குடிக்கப் போனார்.

மேடம் காப்பி குடித்துவிட்டு வரட்டும் என்று ஜீப்பில் ஏறி உட்கார்ந்த மகாராணி பையை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தாள். அருள்தாஸ் சாவியைப் போட்டான், திருப்பவில்லை. வெளியே இன்னும் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். மேல்மலை முழுக்க இனி இந்தக் கதை ஓடும், எந்தப் பேட்டரியும் இல்லாமல் ஓடும்.

"அத்தன பேரு முன்னாடி சொல்லணுமா?" என்றாள்.

"நீ எதுக்குப் பொய் சொன்ன?"

அவள் வேறு பக்கமாகப் பாய்ந்தாள்.

"செய்யறதுக்கு முன்னாடி என்னைய ஒரு வார்த்தை கேட்டா என்ன? மூணு மாசம்! ஒரு வார்த்தை!"

"கேட்டிருந்தா வேணாம்னிருப்ப."

"ஆமா, வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்!"

"அதான் கேக்கல" என்றான் அருள்தாஸ். "நீ டீச்சர் ஆனதுலேருந்து உனக்குச் செய்யறதுக்கு எனக்கு ஒண்ணுமே இல்லாமப் போச்சு. தெரிஞ்சது இது ஒண்ணுதான்."

திருப்பிச் சண்டை போடவும் இந்த மனிதன் இடம் வைக்கவில்லை. அது மகாராணிக்கு எல்லாவற்றையும் விட எரிச்சலாக இருந்தது. கடைசியில் மடியிலிருந்த பையைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள்.

"வீட்டுக்குப் போனதும் நீங்களே சார்ஜ் போடுங்க" என்றாள்.